வாலுவின் கைமுதல்

பிப்ரவரி 9
கப்பலிலிருந்து

அன்புள்ள வாலுக்கு,

அண்ணன் எழுதுவது. கப்பல் ஏறி இரண்டு வாரம் ஆகிறது, நலமாக இருக்கிறேன். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏற வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். கேட்க மாட்டாள், இருந்தாலும் சொல்லி வை.

போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் நம் வீட்டில் போனை எடுப்பது அம்மா, ஸ்பீக்கரில் போடுவது அம்மா, உனக்குப் பதிலாகப் பதில் சொல்வதும் அம்மா. நான் கேட்க வேண்டியதை அவள் காதில் போட முடியாது. கப்பலில் வருகிற நெட்டோ ஒரு சொட்டு. மேல்தளத்து ஆபீசர்கள் உறிஞ்சியது போக என்னைப் போன்ற எஞ்சின் ரூம் ஃபிட்டர் வரைக்கும் அது இறங்குவதில்லை. அதனால் காகிதம். துறைமுக ஏஜென்ட் தபால் பையில் போடுவான், வந்து சேரும்போது படித்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். கிளம்புகிற அன்று பெட்டி கட்டக் கயிறு தேடி உன் அறைக்கு வந்தேன். உன் கம்ப்யூட்டரில் ஒரு பச்சை மேசை, சுற்றிலும் பெயர்கள், நடுவில் சீட்டு. பொழுதுபோக்கு என்று நினைத்தேன். மூலையில் பார்த்தால் பணம், அதுவும் நிஜப் பணம். "இன்ஷூரன்ஸ் வேலையை விட்டு எட்டு மாசமாச்சு. இப்ப இதான் வேலை"ன்னு, டீ வேணுமா என்று கேட்கிற குரலில் சொன்னாய். வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். நீ வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்ப்பதாக நம்புகிற அம்மா கீழே இருந்ததால் அதையும் கிசுகிசு என்றுதான் சொல்ல முடிந்தது. திட்டின திருப்திகூட எனக்கு மிஞ்சவில்லை.

சித்தப்பாவை மறந்துவிட்டாயா? சீட்டில் அவருக்குக் கடை போனது, சைக்கிள் போனது, கடைசியில் சித்தியின் தையல் மெஷினும் போனது. அதைத் தூக்கிக்கொண்டு போனவன் பின்னாலேயே சித்தி தெருமுனை வரைக்கும் நடந்து போனதை நீயும் நானும் ஜன்னலில் நின்று பார்த்தோம்.

நான் கரை இறங்கி ஒரு லேத் பட்டறை போட இன்னும் ஒரு வருஷச் சம்பளம் சேர்ந்தால் போதும். அதுவரைக்கும் அம்மாவும் வீடும் உன் பொறுப்பு. பழைய ஆபீஸில் போய்க் கேட்டுப் பார். நீ கெட்டிக்காரி, திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

பதில் போடு. கோபத்தோடு,
உன் அண்ணன்

•

மார்ச் 14
வீட்டிலிருந்து

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாலு எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சௌக்கியம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நீ சொன்னதாகச் சொன்னேன். "அவன் என்ன டாக்டரா?" என்று கேட்டுவிட்டு மாடிக்குப் போய்த் துணி எடுத்து வந்தாள். உன் உறையை என்னிடம் கொடுக்கும் முன் வெளிச்சத்தில் பிடித்து ஒரு முறை பார்த்தாள். இனிமேல் தடித்த உறையாக வாங்கு.

உன் திட்டு வந்து சேர்ந்தது. காகிதத்தில் நன்றாகத்தான் திட்டுகிறாய்.

சித்தப்பாவை நான் மறக்கவில்லை. அவரால்தான் நான் இவ்வளவு ஜாக்கிரதை. அவரிடம் கைமுதல் என்று ஒன்று கிடையவே கிடையாது. கடைப் பணத்தில் ஆடினார், தோற்றதை ஒரே நாளில் பிடித்துவிட வேண்டும் என்று இன்னும் பெரிய ஆட்டத்துக்குப் போனார். நான் தோற்றால் சின்ன ஆட்டத்துக்குப் போவேன். எங்கள் இரண்டு பேருக்கும் அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அது போதும்.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். வேலையில் இருந்தபோது இதற்கென்று தனியாகச் சேர்த்த பணம்தான் என் கைமுதல். வீட்டுச் செலவு வேறு கணக்கு, இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. கைமுதலை நூறு பங்காக்கி, ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு மேசையில் உட்காருவேன். கைமுதல் வளர்ந்தால் பங்கும் வளரும், பெரிய காசுக்கு ஆடுகிற அடுத்த மேசைக்கு ஏறலாம். கால் பாகம் கரைந்தால் உடனே கீழ் மேசைக்கு இறங்கிவிட வேண்டும். என் மேசையைப் பார்த்தே என் கைமுதல் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். இதில் ரோஷத்துக்கு இடமில்லை.

ஆபீஸில் தீப்பிடித்த கடைகளுக்கு நஷ்டஈடு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன் அல்லவா? கம்பெனி எந்த ஒரு கடையையும் நம்பி உட்கார்ந்திருக்காது. எங்கேயோ ஒரு கடை எரிந்த அன்றும் எங்களுக்குச் சம்பளம் வந்தது. அதை நான் தினமும் பார்த்தேன், மேனேஜர் பார்க்கவில்லை. அவர் ஷேர் மார்க்கெட்டில் வீட்டை விட்டார்.

காலை பத்துக்கு உட்காருவேன், மதியச் சாப்பாட்டுக்கு எழுந்துவிடுவேன். நம்பிக்கை இல்லையென்றால் எங்காவது நெட் கிடைக்கிற இடத்தில் வந்து பார். எந்த மேசையையும் வெளியே நின்று யாரும் வேடிக்கை பார்க்கலாம், கையில் இருக்கிற சீட்டு மட்டும் தெரியாது. அங்கேயும் என் பெயர் வாலுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். காதில் பஞ்சு வைக்காமல் எஞ்சின் பக்கம் போகாதே.
வாலு

•

ஏப்ரல் 18

அன்புள்ள வாலுக்கு,

நலம். பஞ்சு வைத்துக்கொண்டுதான் போகிறேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நான் ஒத்துக்கொண்டேன் என்று நினைக்காதே. படித்தேன், அவ்வளவுதான்.

எங்கள் மூன்றாவது ஆபீசர் நீ ஆடுகிற இதே போக்கர் சீட்டாட்டம் ஆடுகிறவர். கப்பல் கரை சேர்ந்ததும் மற்றவர்கள் கடைத்தெருவுக்குப் போனால் இவர் நெட் தேடிப் போவார். வெறுங்கையோடு திரும்பி வருவார். யாரோ சொன்னதாக அவரிடம் நூறு பங்குக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "நூறுல ஒண்ணா? அப்ப எப்பய்யா பணக்காரன் ஆகுறது?" என்று கேட்டார்.

அந்தச் சிரிப்பை நான் சின்ன வயதில் நிறையக் கேட்டிருக்கிறேன். சித்தப்பா கடை வாசலில் நின்று சிரிப்பாரே, அதே சிரிப்பு. கீழே எஞ்சின் ரூமுக்கு வந்து ரொம்ப நேரம் யோசித்தேன். இங்கே மூன்று ஜெனரேட்டர் இருக்கிறது. இரண்டு ஓடும், ஒன்று சும்மா நிற்கும். அந்த ஒன்று நிற்பதால்தான் நாங்கள் எல்லோரும் தூங்குகிறோம். நீயும் தொண்ணூற்றொன்பது பங்கை அப்படி நிறுத்தி வைத்திருக்கிறாய் போலிருக்கிறது. இதை யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தது? நம் குடும்பத்தில் கையில் காசு நின்றதாகவே வரலாறு கிடையாதே.

இருந்தாலும் அம்மாவிடம் மறைப்பது தப்பு. வேலையை விட்டதைச் சொல்லிவிடு.

அம்மாவுக்கு வலி நிவாரணத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், வாசனையே பாதி வலியைத் துரத்தும்.
உன் அண்ணன்

•

மே 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். முதலில் நல்ல செய்தி. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஒரு கூடை வெங்காயத்தை உரித்து முடித்தாள். பிறகு நிமிர்ந்து, "அப்ப இனிமே ஆபீஸ் போற பஸ் காசு மொத்தமா மிச்சம்" என்றாள். மறுநாள் காலை நான் உட்கார்ந்த பிறகு டிவி சத்தத்தைக் குறைத்து வைத்தாள். இதைவிடப் பெரிய சம்மதம் அவளிடமிருந்து வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பதறாதே. உன் கடிதம் வந்த சமயத்திலிருந்தே தோற்றுக்கொண்டிருக்கிறேன். ஆட்டத்தில் தப்பு இல்லை. ஆடினதையெல்லாம் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன், மறுபடி ஆடச் சொன்னாலும் அப்படியேதான் ஆடுவேன். பணம் போடுகிற வரைக்கும் நான்தான் முன்னால் இருக்கிறேன், கடைசிச் சீட்டு வந்து வாரிக்கொண்டு போகிறது. இது எல்லோருக்கும் வரும். இதைத் தாங்கத்தான் நூறு பங்கு.

இரண்டு மேசை இறங்கிவிட்டேன். கணக்கு இறங்கு என்று சொன்னது, இறங்கினேன். யாரும் பார்க்கவில்லை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, அதனால் சுலபமாக இருந்தது. சரியாக ஆடினேனா என்பதை மட்டும் தினமும் கேட்டுக்கொள்கிறேன். ஆமாம் என்றால் மதியம் சாப்பாடு இறங்குகிறது. என்னிடம் இருக்கிற தன்னம்பிக்கை அவ்வளவுதான் அண்ணா, ஒரு கைப்பிடிதான். ஆனால் அது நானே சம்பாதித்தது.

மெதுவாக ஏறிவிடுவேன். நீ ஒன்றும் செய்ய வேண்டாம்.
வாலு

•

மே 23
துறைமுகத்திலிருந்து

என் வாலுக்கு,

அடி, நான் உன்னைப் பார்த்துவிட்டேன்.

நலம் விசாரிப்பெல்லாம் கடைசியில். ஏப்ரல் கடிதத்துக்கு உன் பதில் இன்னும் வரவில்லை, பரவாயில்லை, எனக்கு இப்போது பதிலே வேண்டாம். இந்தத் துறைமுகத்தில் மாலுமிகளுக்கென்று ஒரு விடுதி. வரிசையாகக் கம்ப்யூட்டர், பிளாஸ்டிக் நாற்காலி, பக்கத்தில் எங்கள் சமையல்காரர் பேரப்பிள்ளைக்குப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். உனக்குக் காலை பத்து ஆகிற நேரம் பார்த்து உட்கார்ந்து தேடினேன். யார் யாரோ இருந்தார்கள். புலிப் படம் போட்டவன், கறுப்புக் கண்ணாடிக்காரன், பெயருக்குப் பதில் நம்பர் வைத்திருந்தவன். நடுவில் சின்னதாக, வாலு.

அந்த மேசையில் ஒருத்தருக்கும் நீ யாரென்று தெரியாது. ஒரு பொம்பளை, அம்மாவுக்கு மருந்து எடுத்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று அவர்களுக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரியும்.

நீ எதுவுமே செய்யவில்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன். சீட்டு வருகிறது, இந்தக் கை வேண்டாம் என்று கீழே போடுகிறாய். மறுபடியும் போடுகிறாய். புலி ஒவ்வொரு கையிலும் பணத்தைத் தள்ளி எல்லோரையும் விரட்டுகிறான், நீ போடுகிறாய். சமையல்காரர்கூட எட்டிப் பார்த்து, "இந்தப் புள்ள எப்பதான் ஆடும்?" என்று கேட்டார். அப்புறம் ஒரு கையில் நீ நின்றாய். புலி இருப்பதையெல்லாம் தள்ளினான், நீயும் தள்ளினாய். சீட்டைத் திறந்தார்கள். நீ முன்னால். நான் சமையல்காரர் தோளைப் பிடித்துக்கொண்டேன். கடைசிச் சீட்டு விழுந்தது, புலி வாரிக்கொண்டு போய்விட்டான்.

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அங்கே கப்பலில் போல்ட் வழுக்கினாலே ஸ்பானரைத் தூக்கி எறிகிறவன் நான். நீ இன்னொரு பங்கு எடுத்து வைத்தாய். அடுத்த சீட்டு வந்தது. முந்தின கைக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாயோ அதே நேரம் எடுத்துக்கொண்டு, நிதானமாகக் கீழே போட்டாய்.

வாலு, அலை கப்பலைப் புரட்டும்போது கேப்டன்கள் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு நிதானத்தைப் பார்த்ததில்லை. சின்ன வயதில் பலூன் உடைந்தால் தெருவே அதிர அழுவாயே, அந்தப் பெண்ணா நீ? பிரமித்துப் போய் உட்கார்ந்திருந்தேன். விடுதிக்காரன் வந்து நேரம் முடிந்தது என்று சொன்னான்.

வெளியே வந்ததும் நேராகப் பாங்குக்குப் போனேன். நான் கரை இறங்கச் சேர்த்த பணம் முழுவதையும் உன் கணக்குக்கு அனுப்பிவிட்டேன். உன் கைமுதலோடு சேர்த்துக்கொள். நூறில் ஒரு பங்கு இப்போது எவ்வளவு பெரிதாகிறது என்று பார், உன் விதிப்படியே நீ மேலே மேலே போகலாம். நீ இருக்க வேண்டியது அங்கேதான். எனக்கு உன்மேல் அவ்வளவு நம்பிக்கை.

அம்மா எப்படி இருக்கிறாள்?
பெருமையோடு, உன் அண்ணன்

•

ஜூலை 10

அன்புள்ள வாலுக்கு,

நலம். உன் மே மாதக் கடிதம் இப்போதுதான் கிடைத்தது. நான் எழுதியதும் நீ எழுதியதும் வழியில் எங்கேயோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. நீ தோற்றுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

அம்மாவின் வெங்காயக் கதையைப் படித்துச் சிரித்தேன். முழங்காலுக்குப் பட்டை கட்டுகிறாளா? தண்ணீர்த் தொட்டி மோட்டார் சத்தம் போடுகிறதென்று நான் இருந்தபோது சொன்னாய், அதற்கு எண்ணெய் விட்டால் போதும், ஆளைக் கூப்பிட்டுக் காசு கொடுக்காதே. பின்வீட்டு நாய் இன்னும் உன்னைப் பார்த்துக் குரைக்கிறதா? மாடி அறை ஜன்னல் தாழ்ப்பாள் சரியாகிவிட்டதா? மழைக்கு முன்னால் பார்த்துவிடு.

இங்கே பாய்லர் தகராறு. வேறு ஒன்றும் விசேஷமில்லை. நீ எதற்கும் அவசரப்பட வேண்டாம்.

சௌகரியப்படும்போது எழுது.
உன் அண்ணன்

•

ஆகஸ்ட் 19

அன்புள்ள வாலுக்கு,

இந்தத் துறைமுகத்திலும் உன் கடிதம் இல்லை. ஏஜென்ட்டிடம் பையைத் தலைகீழாகக் கொட்டிக் காட்டச் சொன்னேன். எல்லோருக்கும் இருந்தது, சமையல்காரருக்கு நான்கு.

வீட்டுக்குப் போன் செய்தேன். வழக்கம்போல அம்மா. "அவ குளிக்கிறா"ன்னு சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போட்டேன். அப்போதும் குளிக்கிறாய் என்றாள். "நல்லாத்தான் இருக்கா, கொஞ்சம் இளைச்சிருக்கா" என்றாள். சாப்பாடு இறங்குகிறதா உனக்கு?

உன்னைப் பற்றி இங்கே கண்டவர்களிடமும் பெருமை பேசி வைத்திருக்கிறேன். அது உனக்குத் தொந்தரவாக இருந்தால் நிறுத்திக்கொள்கிறேன். தாழ்ப்பாள் சரியாகிவிட்டதா என்று மட்டுமாவது எழுது.
உன் அண்ணன்

•

செப்டம்பர் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் தேவலை. தாழ்ப்பாள் சரியாகிவிட்டது. மோட்டாருக்கு எண்ணெய் விட்டேன். நாய் குரைக்கிறது.

நீ அனுப்பிய பணம் முழுவதையும் உன் கணக்குக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். ஒரு காசு குறையாது, சரிபார்த்துக்கொள். பட்டறைப் பணம் பட்டறைக்குத்தான். இனிமேல் இப்படி அனுப்பாதே.

பதில் எழுதத் தாமதமானதற்கு வேலைதான் காரணம்.
வாலு

•

அக்டோபர் 16
துறைமுகத்திலிருந்து

என் வாலுக்கு,

பணம் வந்து சேர்ந்தது. நீ சொன்னபடி ஒரு காசு குறையவில்லை. உனக்கு என்மேல் கோபம், பணத்தைத் தொடாமலே வைத்திருந்து திருப்பிவிட்டாய் என்று முதலில் நினைத்தேன். ரோஷக்காரி என்று சிரித்துக்கொண்டேன்கூட.

இன்று கரையில் நெட் கிடைத்தது. உன்னைப் பார்க்க ஆசையாக இருந்தது. மே மாதம் நீ இருந்த மேசைகளில் தேடினேன், இல்லை. ஏறியிருப்பாய் என்று மேலே போனேன், அங்கேயும் இல்லை. இன்றைக்கு லீவு போட்டுவிட்டாள் என்று எழுந்துவிட்டேன். அப்புறம் மனசு கேட்காமல் கீழே தேடினேன். ஒரு படி கீழே, அதற்கும் கீழே. கடைசியில் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மேசை. தீப்பெட்டி வாங்குகிற காசுக்கு ஆடுகிற இடம். நேற்று ஆடக் கற்றுக்கொண்டவர்கள் திரையில் எழுதியே கத்திக்கொண்டும் கேலி பண்ணிக்கொண்டும் ஆடுகிறார்கள். அங்கே உட்கார்ந்திருந்தாய்.

மேசையைப் பார்த்தால் கைமுதல் எவ்வளவு என்று சொல்லிவிடலாம் என்று நீதானே எழுதினாய்? சொல்லிவிட்டேன். உன் கைமுதலில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. நீ என் பணத்தையும் சேர்த்து ஆடியிருக்கிறாய், போயிருக்கிறது. போனதையெல்லாம் உன் கைமுதலிலிருந்து நிரப்பி எனக்கு முழுசாக அனுப்பிவிட்டு, அடிமட்டத்துக்கு வந்து நிற்கிறாய். எனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

நான் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஆனால் அழுகை நின்ற பிறகு பார்த்தேனே, அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். தீப்பெட்டிக் காசுக்கு நீ எடுத்துக்கொண்ட யோசனை, அன்றைக்குப் புலியோடு ஆடியபோது எடுத்துக்கொண்ட அதே யோசனை. ஒருவன் உன்னை ஆமை என்று எழுதினான். நீ உன் சீட்டைக் கீழே போட்டாய். நான் உன் இடத்தில் இருந்தால் அந்தக் கம்ப்யூட்டரை மாடியிலிருந்து எறிந்திருப்பேன். மேலே ஏறுகிறவர்களைப் பார்த்து வாயைப் பிளந்திருக்கிறேன். இறங்கி வந்து இப்படி உட்காருகிறவளைப் பார்த்தது இதுதான் முதல் தடவை. வாலு, நான் உன்னைவிட மூத்தவன் என்பதே எனக்கு மறந்துபோய்விட்டது.

இனிமேல் பணம் அனுப்ப மாட்டேன், சத்தியம். அடுத்த துறைமுகத்தில் நாலு நாள் நிற்போம் என்கிறார்கள். கரையில் எனக்கு ஒரு சின்ன வேலை இருக்கிறது.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். நீ சாப்பிடு.
உன் அண்ணன்

•

நவம்பர் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் அம்மாவும் சௌக்கியம். சாப்பிடுகிறேன், இந்த மாதம் நன்றாகவே சாப்பிடுகிறேன்.

நீ பார்த்துவிட்டாய் என்றால் மறைக்க ஒன்றுமில்லை. ஜூனில் உன் பணம் வந்தது. திருப்பி அனுப்பத்தான் முதலில் நினைத்தேன். பிறகு உன் கடிதம் வந்தது. அவ்வளவு பெருமையாக யாரும் எனக்கு எழுதியதில்லை. சேர்த்துவிட்டேன். கணக்கு மேலே போகலாம் என்றது, போனேன்.

கணக்கில் ஒரு பிசகும் இல்லை அண்ணா. பிசகு என்னிடம்தான். என் காசு ஒவ்வொன்றும் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும், அதனால் அது போகும்போதும் பார்த்துக்கொண்டு நிற்க முடிந்தது. உன்னுடையது ஒரே நாளில் வந்து என்னை மேலே தூக்கி வைத்துவிட்டது. அந்த மேசையில் ஜெயித்தபோதே என் கை நடுங்கியது. அப்புறம் தோற்றேன். கால் பாகம் கரைந்தது, இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. நீ எங்கேயோ ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பார்க்கிறாய், சமையல்காரரைக் கூப்பிட்டுக் காட்டுகிறாய் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. உன் கண் முன்னால் இறங்க எனக்கு வெட்கமாக இருந்தது. ரோஷத்துக்கு இடமில்லை என்று எழுதினவள் நான்தான். ஒரு நாள் காலை உட்கார்ந்த இடத்திலேயே சித்தப்பா மாதிரி சிரித்தேன். அந்தச் சத்தம் என் காதில் விழுந்ததும் கம்ப்யூட்டரை மூடினேன், மறுநாளே உன் பணத்தை எடுத்துத் தனியாக வைத்தேன். மீதி உனக்குத் தெரியும்.

இப்போது உன் சின்ன வேலைக்கு வருகிறேன்.

போன வாரம் என் மேசைக்கு ஒரு புது ஆள் வந்தான். பெயர் ஃபிட்டர். மற்றவர்கள் பணம் போட்டால் சீட்டைக் கீழே வைத்துவிடுவான். நான் போட்டால் மட்டும் இருப்பதையெல்லாம் தூக்கி நடுவில் தள்ளுவான். என்ன சீட்டு என்றுகூட அவன் பார்த்ததாகத் தெரியவில்லை. உலகத்தில் இவ்வளவு மோசமாகவும் இவ்வளவு ஆசையாகவும் ஆடுகிற ஆள் ஒருத்தன்தான் இருக்கிறான். பணம் அனுப்ப மாட்டேன் என்று சத்தியம் செய்தாய், என்னிடம் வந்து தோற்க மாட்டேன் என்று சத்தியம் செய்யவில்லை. அப்படித்தானே?

அண்ணா, அந்த மேசையில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். தீப்பெட்டிக் காசாக இருந்தாலும் அவர்கள் அதை நேர்மையாக ஆடுகிறார்கள். அண்ணன் வந்து தங்கைக்குத் தோற்றுக் கொடுப்பது அவர்களுக்குச் செய்கிற களவு. தெரிந்தால் நம் இரண்டு பேரையும் உள்ளே விடமாட்டார்கள், அதுவும் சரிதான். அதைவிட எனக்கு முக்கியமானது வேறு. என் கைமுதலில் வந்து சேருகிற காசு என்னைத் தோற்கடிக்கப் பார்த்தவனிடமிருந்து வர வேண்டும். அப்போதுதான் ஒரு மேசை மேலே போய் உட்காரும்போது காலில் பலம் இருக்கும். நீ கொடுத்தால் காசு மட்டும்தான் வரும்.

நீ நாலாவது தடவை தள்ளினாயே, ஞாபகம் இருக்கிறதா? என் கையில் இரண்டு ஏஸ் இருந்தது. முதல் இரண்டு சீட்டில் இந்த ஆட்டத்தில் அதற்கு மேல் எதுவும் கிடையாது. அதைக் கீழே போட்டவர்கள் யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை. எனக்கு அன்று இருந்த கைமுதலுக்கு உன் குவியல் பெரிய காசுதான். கடிகாரம் ஓடியது. கீழே போட்டேன், எழுந்து வெளியே வந்தேன்.

கையைப் பார்த்தேன். நடுங்கவில்லை. ஜூனுக்குப் பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவை.

நேற்று ஒரு மேசை ஏறியிருக்கிறேன். ஒன்றே ஒன்று. நீ வேடிக்கை பார்க்க வரலாம், இப்போது எனக்கு வெட்கமில்லை. உட்கார மட்டும் வராதே.

அம்மா நீ எப்போது வருவாய் என்று கேட்கிறாள்.
வாலு

•

டிசம்பர் 22

என் வாலுக்கு,

நலம். உன் கடிதத்தை எஞ்சின் ரூம் இரும்புப் படியில் நின்றபடி பிரித்தேன், படித்து முடிக்கும்போது உட்கார்ந்திருந்தேன்.

அன்று அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? நான் தள்ளத் தள்ள நீ கீழே போட்டுக்கொண்டே இருந்தாய். பாவம் பிள்ளைக்கு ஒரு நல்ல சீட்டுகூட வரமாட்டேன் என்கிறதே என்று எனக்கு ஒரே ஆற்றாமை. அடுத்த கையிலாவது ஏதாவது வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பார்த்தால் உன் நாற்காலி காலி.

இனி உன் பக்கமே வரமாட்டேன். உட்கார மாட்டேன், அனுப்ப மாட்டேன், தோற்க மாட்டேன். மூன்றுக்கும் சேர்த்துச் சத்தியம். மார்ச்சில் கரை இறங்குகிறேன். பட்டறைப் பணத்தைக்கூட ஒரே இடத்தில் போடப் போவதில்லை, முதலில் ஒரு பழைய லேத் வாங்கி ஒரு மூலையில் ஆரம்பிக்கிறேன். ஓடினால் இன்னொன்று. அம்மாவிடம் சொல், சிரிப்பாள்.

நேற்று மேல்தளத்தில் மூன்றாவது ஆபீசரைப் பார்த்தேன். மனசில் வைத்துக்கொள்ள முடியாமல் சொல்லிவிட்டேன். ஒரு பெண், அடிமட்ட மேசையில் மறுபடி முதலிலிருந்து கைமுதல் சேர்த்துக்கொண்டிருந்தவள், எதிராளி இருப்பதையெல்லாம் தள்ளியபோது கையிலிருந்த இரண்டு ஏஸைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போனாள் என்றேன். அவர் இந்த முறை சிரிக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சும்மா கதை விடாதய்யா. அப்படி யாரும் போட மாட்டாங்க. யார் பார்த்தது?"

"நான் பார்த்தேன் சார். எதிர்ல உக்காந்து தள்ளுனதே நான்தான்."

உன் அண்ணன்